அரை விநாடியில் சுயவிருப்பம் தொலைந்துவிடுமா?

சுயவிருப்பம், அதாவது நம் செயலை நாமே தீர்மானிக்கிறோம் என்பது, வெறும் மாயை, மூளை அறிவியல் அதை எப்போதோ நிரூபித்துவிட்டது என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் பெரும்பாலும் ஒரே ஒரு சோதனையை மனதில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார். 1983இல் பெஞ்சமின் லிபெட் என்ற அமெரிக்க உடலியலாளர் வெளியிட்ட சோதனை அது. நாற்பது ஆண்டுகளாக இந்தச் சண்டை அதைச் சுற்றியே நடக்கிறது. எனக்கு அந்தச் சோதனை பிடிக்கும், அழகான சோதனை, ஆனால் அதன் தலையில் ஏற்றிய பாரத்தை அது தாங்காது என்பது என் கட்சி. சுயவிருப்பத்துக்கு உண்மையிலேயே ஆபத்து வருவது வேறு பக்கத்திலிருந்து, அந்தப் பக்கத்தைப் பற்றிய பேச்சு குறைவாகத்தான் இருக்கிறது. இரண்டையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், கொஞ்சம் நீளும்.

முதலில் முன்கதை. 1960களின் நடுவில், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஹான்ஸ் கோர்ன்ஹூபரும் அவருடைய மாணவர் லூடர் டீக்கேயும் ஒரு எளிய கேள்வியைக் கையில் எடுத்தார்கள். அதுவரை மூளையின் மின்சாரத்தை அளந்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து ஓர் ஒலியையோ வெளிச்சத்தையோ கொடுத்து, அதற்கு மூளை எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பார்த்தார்கள். யாரும் எதுவும் கொடுக்காமல், ஒருவர் தானாக நினைத்து விரலை அசைத்தால், அதற்கு முன்னால் உள்ளே என்ன நடக்கும்? இதில் ஒரு சங்கடம், ஆள் எப்போது அசைப்பார் என்பது முன்கூட்டித் தெரியாது, அதனால் எங்கிருந்து பார்ப்பது என்றும் தெரியாது. அவர்கள் எல்லாவற்றையும் காந்த நாடாவில் பதிந்து, நாடாவைப் பின்னோக்கி ஓட்டினார்கள். விரல் அசைந்த கணத்தைத் தொடக்கமாக வைத்து அங்கிருந்து பின்னால் போய், ஏராளமான அசைவுகளின் பதிவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தபோது, அசைவுக்கு ஏறக்குறைய ஒரு விநாடிக்கு முன்பே உச்சந்தலைப் பகுதியில் மின்னழுத்தம் மெல்ல மெல்ல எதிர்மின் பக்கமாக நகர்ந்துகொண்டு வருவது தெரிந்தது. அதற்கு ஆயத்த மின்னழுத்தம் என்ற பொருளில் ஒரு ஜெர்மன் பெயரை வைத்து 1965இல் வெளியிட்டார்கள்.

ஒரு விநாடி என்பது மூளைக்கு யுகம் மாதிரி. கையை அசைக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதற்கும் கை அசைவதற்கும் இடையே அவ்வளவு நேரம் போவதாக நாம் யாரும் உணர்வதில்லை. அப்படியானால் ‘எனக்குத் தோன்றியது’ எந்த இடத்தில் வருகிறது? லிபெட் கேட்டது இதைத்தான். மின்னழுத்தத்தைக் கருவி அளந்துவிடும், தசை அசைவதையும் கருவி அளந்துவிடும், தோன்றிய கணத்தை எப்படி அளப்பது? அவர் ஒரு திரையில் வெளிச்சப் புள்ளி ஒன்றைக் கடிகார முள் போலச் சுற்றவிட்டார், ஆனால் வேகமாக, ஒரு சுற்றுக்கு 2.56 விநாடிதான். பங்கேற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, விரும்பும்போது மணிக்கட்டை மடக்க வேண்டும், மடக்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் வந்தபோது புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்ல வேண்டும். முன்கூட்டித் திட்டம் போடக் கூடாது, தானாகத் தோன்றும்போது மடக்க வேண்டும் என்பது நிபந்தனை.

முடிவு இதுதான். அசைவுக்கு ஏறத்தாழ 550 மில்லிவிநாடிக்கு முன்பே ஆயத்த மின்னழுத்தம் தொடங்கிவிட்டது. எண்ணம் வந்ததாக அவர்கள் சொன்ன நேரமோ அசைவுக்குச் சுமார் 200 மில்லிவிநாடி முன்புதான். இடையில் மூன்றில் ஒரு பங்கு விநாடி. மூளை வேலையைத் தொடங்கிய பிறகுதான் நமக்குச் செய்தியே வருகிறது, நாம் முடிவெடுக்கவில்லை, முடிவு நமக்குத் தெரிவிக்கப்படுகிறது என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது. லிபெட் அப்படிச் சொல்லவில்லை என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மீதியிருக்கும் அந்த 200 மில்லிவிநாடிக்குள் ‘வேண்டாம்’ என்று தடுக்கும் அதிகாரம் நமக்கு இருக்கிறது, நம் சுதந்திரம் அங்கேதான் இருக்கிறது என்பது அவருடைய நிலைப்பாடு. இது வெறும் ஆறுதல் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் 2016இல் பெர்லினில் மத்தியாஸ் ஷுல்ட்சே-கிராஃப்ட், ஜான்-டிலன் ஹெய்ன்ஸ் குழு இதை ஒரு விளையாட்டாகவே நடத்திப் பார்த்தது. ஆளின் ஆயத்த மின்னழுத்தத்தைக் கணினி கண்காணிக்கும், அது எழுவது தெரிந்தவுடன் சிவப்பு விளக்கைப் போடும், ஆள் மிதியை அழுத்தாமல் நிறுத்த வேண்டும். அசைவு தொடங்க ஏறக்குறைய 200 மில்லிவிநாடி இருக்கும்வரை அவர்களால் நிறுத்த முடிந்தது. அதற்குப் பிறகு விளக்கு எரிந்தால் பயனில்லை, கால் கிளம்பிவிடும்.

லிபெட் சொன்னதை நானே செய்து பார்த்திருக்கிறேன், மின்முனைகள் எதுவும் இல்லாமல் சும்மா ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு. நீங்களும் செய்து பாருங்கள், செலவில்லாத காரியம். விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் ஒன்றும் வராது. பிறகு ‘இப்போது மடக்கலாமா’ என்று லேசாக ஒன்று எழும், எழுந்து அடங்கிவிடும். திரும்ப எழும். அதில் ஏதோ ஒரு முறை கை மடங்கியிருக்கும். எண்ணம் எப்போது வந்தது என்று இப்போது கேட்டால், எந்த எண்ணம்? முதலில் எழுந்து அடங்கியதா, கடைசியாக வந்ததா, அல்லது கை மடங்கியதைப் பார்த்துவிட்டு ‘அதற்குச் சற்று முன்பு வந்திருக்க வேண்டும்’ என்று நான் இப்போது கணக்குப் போட்டுக்கொண்டதா? நான் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவேன், அந்த எண் மேல் எனக்கே நம்பிக்கை இருக்காது. 200 மில்லிவிநாடி என்ற அளவு இப்படிப்பட்ட வாக்குமூலங்களின் சராசரி.

ஆனால் சோதனைக்குப் பெரிய அடி இந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. 2012இல் ஏரன் ஷுர்கர், ஹகோபோ சிட், ஸ்டானிஸ்லாஸ் தஹான் மூவரும் மின்னழுத்தம் மெல்ல ஏறிவருவதே வேறு காரணத்தால் இருக்கலாம் என்று காட்டினார்கள். மூளையின் மின்னியக்கம் எப்போதும் தன்போக்கில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எந்த அவசரமும் இல்லாத வேலை, எப்போது வேண்டுமானாலும் மடக்கு என்று சொல்லிவிட்டார்கள், அப்போது அந்த ஏற்ற இறக்கம் தற்செயலாக ஓர் எல்லையைத் தொடும் கணத்தில் கை மடங்கிவிடுகிறது. நாம் மடங்கிய தருணங்களை மட்டும் பொறுக்கி, அங்கிருந்து பின்னால் போய்ச் சராசரி எடுத்தால் மெல்ல ஏறிவரும் ஒரு கோடு கட்டாயம் கிடைக்கும். கரையில் ஒரு பாறை இருக்கிறது, எப்போதாவது ஓர் அலை அதை நனைக்கிறது. பாறை நனைந்த நேரங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முந்தைய இரண்டு விநாடிப் படத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், தண்ணீர் பாறையை நோக்கி நிதானமாக ஏறிவருவது தெரியும். அதை வைத்து, பாறையை நனைக்க வேண்டும் என்று கடல் இரண்டு விநாடிக்கு முன்பே தீர்மானித்துவிட்டது என்று சொல்வீர்களா? பாறையைத் தொடாமல் போன அலைகளை நாம் பார்க்கவே இல்லை. லிபெட்டும் கை மடங்காத நேரத்து அலைகளைச் சராசரியில் சேர்க்கவில்லை.

சரி, அப்புறம் வந்த நவீனக் கருவிகள்? 2008இல் ஹெய்ன்ஸ் குழு எம்.ஆர்.ஐ. வைத்து, இடது பொத்தானா வலது பொத்தானா என்பதை ஆள் உணர்வதற்கு 7 விநாடி வரை முன்பே மூளையின் முன்பகுதியில் அறிகுறி தெரிகிறது என்று கண்டது. கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் கணிப்பு சரியாக வந்தது சுமார் 60 சதவீதம்தான், காசைச் சுண்டினாலே 50 வந்துவிடும். இடது பக்கம் லேசான சாய்வு ஒன்று முன்பே இருக்கிறது என்பதற்கும் முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்பதற்கும் நிறைய தூரம். 2011இல் இட்ஸாக் ஃப்ரீட் வலிப்பு நோயாளிகளின் மூளைக்குள் ஏற்கெனவே சிகிச்சைக்காக வைத்திருந்த மின்முனைகளில் தனித்தனி நியூரான்களையே பதிவுசெய்து, ஆள் உணர்வதற்கு முக்கால் விநாடி அளவு முன்பே 80 சதவீதத்துக்கு மேல் கணித்தார், அது வலுவான சோதனைதான், தள்ளிவிட முடியாது. ஆனால் அங்கேயும் ஆள் செய்தது அதே பொத்தான் அழுத்தல்தான்.

என் முக்கியமான புகார் அதில்தான் இருக்கிறது. இந்தச் சோதனைகளில் எதிலும் ஆளுக்கு ஒன்றைவிட இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கக் காரணமே கிடையாது. இப்போது மடக்கினாலும் ஒன்றுதான், மூன்று விநாடி கழித்து மடக்கினாலும் ஒன்றுதான். காரணமே இல்லாத இடத்தில், எதையாவது ஒன்றைச் செய்தாக வேண்டுமென்றால், மூளை தன் உள்ளிரைச்சலிடம் விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். 2019இல் ஊரி மாவோஸும் மற்றவர்களும் இதை நேரடியாகவே சோதித்தார்கள். பங்கேற்றவர்கள் இரண்டு தொண்டு நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில சுற்றுகளில் தேர்ந்தெடுத்த நிறுவனத்துக்கு உண்மையாகவே 1000 டாலர் போக வாய்ப்பு உண்டு, மற்றதற்கு ஒன்றும் போகாது. சில சுற்றுகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டுக்கும் சரிபாதி. எதுவானாலும் ஒன்றுதான் என்ற சுற்றுகளில் ஆயத்த மின்னழுத்தம் பழையபடி வந்தது. யோசித்து முடிவெடுக்க வேண்டிய சுற்றுகளில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதாவது நாற்பது ஆண்டுகளாக எதை வைத்து நம் எல்லா முடிவுகளும் பொய் என்று பேசினார்களோ, அந்த அடையாளம் முடிவு என்று சொல்லத்தக்க முடிவுகளில் தென்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லிபெட் சோதனையில் உட்கார்ந்தவர் உண்மையில் எடுத்த முடிவு எது? வருகிறேன் என்று ஒப்புக்கொண்டது, நாற்காலியில் உட்கார்ந்தது, சொல்லித்தந்தபடி செய்வோம் என்று இருந்தது. அதெல்லாம் நடந்து பல மணி நேரமோ பல நாளோ ஆகியிருக்கும். அதற்குப் பிறகு கை எந்தக் கணத்தில் மடங்குகிறது என்பது அந்த முடிவின் வால்.

அது போக, மூளை முன்கூட்டியே வேலையைத் தொடங்குகிறது என்பதில் அதிர்ச்சி அடைய என்ன இருக்கிறது? எந்த மூளை இயக்கமும் இல்லாமல் ஓர் எண்ணம் வெட்டவெளியில் குதித்து வந்து, அதற்குப் பிறகு மூளை வேலை செய்யத் தொடங்கினால்தான் ஆச்சரியம். ‘நான் முடிவெடுக்கவில்லை, என் மூளை எடுத்தது’ என்று சொல்கிறவர் தன்னை மூளைக்கு வெளியே எங்கோ உட்கார வைத்துவிட்டுப் பேசுகிறார். ஆவியை நம்பாத நாத்திகர்கள்கூட இந்த ஒரு வாக்கியத்தில் ஆவியை உள்ளே விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

இங்கே நிறுத்தினால், சுயவிருப்பம் ஜெயித்துவிட்டது என்று எழுதி முடித்துவிடலாம். தத்துவக்காரர்கள் விடமாட்டார்கள். அவர்களுக்கு லிபெட் தேவையே இல்லை, அவர்களுடைய கேள்வி நேரத்தைப் பற்றியது இல்லை.

1814இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் ஒரு கற்பனை செய்தார். இந்தக் கணத்தில் உலகத்திலுள்ள ஒவ்வொரு துகளின் இடத்தையும், அவற்றின்மேல் செயல்படும் விசைகளையும் அறிந்த ஓர் அறிவு இருந்தால், அதற்கு இறந்தகாலம்போல எதிர்காலமும் கண்முன் விரிந்து கிடக்கும். நாம் பிறப்பதற்கு முன்பே எல்லாம் எழுதப்பட்டுவிட்டது என்றுதானே அர்த்தம்? குவாண்டம் இயற்பியல் வந்துவிட்டதே, உலகத்தில் தற்செயல் உண்டே என்று சிலர் தப்பிக்கப் பார்ப்பார்கள். தற்செயல் இருந்தால் எனக்கு என்ன லாபம்? என் கையை ஒரு பகடை அசைத்தாலும் அது என் சுதந்திரம் ஆகிவிடாது. காரணம் இருந்தால் கட்டு, காரணம் இல்லாவிட்டால் குருட்டுத்தனம், இரண்டுக்கும் நடுவே ‘நான்’ எங்கே நிற்பது என்பதுதான் பழைய இக்கட்டு.

இதில் பலர் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. ஊழ் வேறு, காரண காரியம் வேறு. நீ எத்தனை வழி சூழ்ந்தாலும் தான் முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்பது ஊழ், அங்கே உன் முயற்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு ஒன்றே. காரண காரியத்தில் அப்படி இல்லை, உன் முயற்சி வழியாகத்தான் முடிவு வருகிறது, முயற்சி இல்லாவிட்டால் முடிவும் வேறு. பழங்கால இந்தியத் துறவிக் கூட்டமான ஆசீவகர்கள் முதல் வகை. அவர்களுடைய தலைவர் மற்கலி கோசாலர் சொன்னதாக எதிர்த்தரப்பு நூல்களில் வருவது, உருட்டிவிட்ட நூல்கண்டு நூல் தீரும்வரை பிரிந்துகொண்டே போவதுபோல், மூடனும் அறிஞனும் ஒருபோலத் தங்கள் பிறவிகளைக் கழித்துத் தீர்க்க வேண்டியதுதான், கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. வேடிக்கை என்னவென்றால், எதைச் செய்தும் எதுவும் மாறாது என்று சொன்ன அந்தத் துறவிகள் கடுமையான தவம் செய்தார்கள். எதிராளிகள் அன்றே இதைக் கேட்டு மடக்கியிருப்பார்கள். அதற்கு அவர்களிடம் பதிலும் இருந்திருக்கும்: தவம் செய்வதும் விதிதானே.

காரண காரியத்தோடு சுதந்திரம் ஒத்துப்போகும் என்ற தத்துவக்காரர்களின் வரிசை ஹாப்ஸ், ஹியூம் என்று நீளுகிறது. ஹியூம் சொல்வது எனக்கு நியாயமாகப் படுகிறது. சங்கிலியில் கட்டிப்போடாமல், யாரும் மிரட்டாமல், நான் விரும்பியபடி நடக்க முடிந்தால் அது சுதந்திரம், என் விருப்பத்துக்கும் காரணங்கள் இருப்பதால் அது கெட்டுவிடாது. சொல்லப்போனால் என் செயல் என் குணத்திலிருந்து வராவிட்டால் அதை என் செயல் என்றே சொல்ல முடியாது. ஜெர்மன் தத்துவக்காரர் கான்ட் இதைக் கேவலமான சாக்கு என்றார். ஒருமுறை முறுக்கிவிட்டால் இறைச்சி சுடும் கம்பிகூடத் தானாகத்தான் சுற்றுகிறது, அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டார். கான்டின் கேலி நன்றாக இருக்கிறது, ஆனால் கம்பியிடம் ‘நிறுத்து, இறைச்சி கருகுகிறது’ என்று சொன்னால் அது நிற்காது. நான் நிற்பேன். என் கண்ணுக்கு வித்தியாசம் அங்கே இருக்கிறது. காரணம் இல்லாமல் இயங்குவது சுதந்திரம் ஆகாது, சொன்னால் கேட்டு, யோசித்து, மாற்றிக்கொள்ள முடிவதைத்தான் நான் சுதந்திரம் என்கிறேன்.

இப்படிச் சொல்லிவிட்டேன் அல்லவா, இப்போதுதான் மூளை அறிவியலின் உண்மையான அடி விழுகிறது. நான் காரணங்களைக் கேட்டு நடக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லும் காரணம்தான் என் செயலின் காரணமா?

1970களில் மைக்கேல் கஸானிகாவும் ஜோசஃப் லெடூவும் மூளையின் இரண்டு பாதிகளை இணைக்கும் நரம்புக் கற்றையை வலிப்புக்காக வெட்டியிருந்த ஓர் இளைஞனைச் சோதித்தார்கள். பேசத் தெரிந்த இடது மூளைக்கு ஒரு கோழிக்காலின் படத்தையும், பேசத் தெரியாத வலது மூளைக்குப் பனி மூடிய ஒரு வீட்டின் படத்தையும் காட்டினார்கள். எதிரே வைத்த படங்களிலிருந்து பொருத்தமானதை எடுக்கச் சொன்னபோது, வலது கை கோழியை எடுத்தது, இடது கை மண்வெட்டியை எடுத்தது, பனியை அள்ள. ஏன் மண்வெட்டி என்று கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டிய இடது மூளைக்குப் பனி பற்றி எதுவுமே தெரியாது. ‘தெரியவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழிக்கால் கோழியோடு சேரும், கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வெட்டி வேண்டுமே என்று தயங்காமல் சொன்னான். பொய் சொல்கிறோம் என்ற உணர்வே இல்லை. நம் எல்லார் தலைக்குள்ளும் இப்படி ஒரு உரையாசிரியர் உட்கார்ந்திருக்கிறார் என்பது கஸானிகாவின் முடிவு.

மூளை வெட்டப்பட்டவர்கள் கதை, நமக்கென்ன என்று நினைத்தால் 2005இல் ஸ்வீடனில் பேட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் குழு செய்ததைப் பாருங்கள். இரண்டு முகப்படங்களைக் காட்டி, யார் அழகு என்று கேட்டார்கள். ஆள் ஒன்றைச் சுட்டிக்காட்டியதும், செப்படி வித்தைக்காரன் கைத்திறத்தோடு படத்தை மாற்றி, அவர் வேண்டாம் என்ற முகத்தை அவர் கையில் கொடுத்து, இவரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் மாற்றியதைக் கவனிக்கவே இல்லை. கவனிக்காததோடு நிற்காமல் காரணமும் சொன்னார்கள். அந்தக் காதணி எனக்குப் பிடித்திருந்தது என்று ஒருவர் சொன்னார், அவர் முதலில் சுட்டிக்காட்டிய பெண்ணுக்குக் காதணியே கிடையாது. அரை விநாடி தாமதம் என்னைத் தொந்தரவு செய்வதில்லை. இது செய்கிறது. யாரையாவது எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று நான் அடுக்கும் காரணங்களில் எத்தனை காதணிகள் இருக்கும்?

2009இல் வெளியான இன்னொன்றும் இருக்கிறது. பிரான்சில் மிஷெல் தெமுர்ஷே குழு, அறுவைசிகிச்சையில் விழித்திருந்த நோயாளிகளின் மூளையில் மெல்லிய மின்சாரம் செலுத்தியது. பக்கவாட்டு மேல்பகுதியில் ஓரிடத்தைத் தொட்டால், கையை அசைக்க வேண்டும்போல் இருக்கிறது என்றார்கள், மின்சாரத்தைக் கூட்டினால் அசைத்துவிட்டேன் என்றே சொன்னார்கள், தசையில் ஒரு துடிப்பும் இல்லை. முன்பகுதியில் வேறோர் இடத்தைத் தொட்டால் கையும் வாயும் நன்றாகவே அசைந்தன, ஆனால் நான் அசையவே இல்லை என்றார்கள். விருப்பம் ஓரிடம், செயல் ஓரிடம், இரண்டையும் முடிச்சுப்போட்டு ‘நான் செய்தேன்’ என்று சொல்வது தனி வேலை.

கடைசியாக மருந்து விஷயம். பார்க்கின்சன் நோயில் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைவதால், டோபமின்போல வேலைசெய்யும் பிரமிபெக்ஸோல் மாதிரியான மருந்துகளைக் கொடுப்பார்கள். 2005இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை மருத்துவர்கள், இந்த மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தபோது தீராத சூதாட்ட வெறியில் விழுந்த 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மருந்தை நிறுத்தியபோதோ குறைத்தபோதோ வெறி விட்டுப்போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். 2010இல் 3090 நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வில், இந்த வகை மருந்து எடுத்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டுப்பாடற்ற பழக்கம், சூதாட்டம், பெருந்தீனி, கண்மண் தெரியாத செலவு, பாலியல் நாட்டம் இப்படி. எடுக்காதவர்களில் 7 சதவீதம் அளவுக்குத்தான்.

அந்த நோயாளி என்ன உணர்ந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வெளியிலிருந்து யாரோ தள்ளுவதுபோல இருந்திருக்காது. ஆடலாம் என்று அவருக்கே தோன்றியிருக்கும், இந்த முறை ஜெயித்துவிடுவேன் என்று கணக்கும் இருந்திருக்கும், மனைவியிடம் மறைப்பதற்கு ஒரு நியாயமும் இருந்திருக்கும். உரையாசிரியர் தன் வேலையைச் சரியாகச் செய்திருப்பார். தத்துவக்காரர் ஹாரி ஃப்ராங்க்ஃபர்ட் 1971இல் ஒரு வேறுபாடு சொன்னார்: ஆசைப்படுவது ஒன்று, அந்த ஆசை எனக்கு இருக்க வேண்டுமா என்பது பற்றிய ஆசை இன்னொன்று, இந்த இரண்டாவது மட்டம் முதல் மட்டத்தை ஆளும்போது மனிதன் சுதந்திரமானவன். விரும்பாமலே போதைக்கு அடிமையானவனிடம் இரண்டும் மோதுகின்றன. நல்ல கருவி இது. ஆனால் மருந்து மேல்மட்டத்துக்கே ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டால்? ஆடுகிற ஆள்தான் உண்மையான நான், இத்தனை காலம் பயந்து வாழ்ந்துவிட்டேன் என்று ஒருவர் மனப்பூர்வமாகச் சொன்னால்?

இங்கே இன்னொரு தத்துவக்காரர் கேலன் ஸ்ட்ராஸனின் வாதம் வந்து நிற்கும். நீ செய்வது நீ எப்படிப்பட்டவன் என்பதால். ஆகவே செயலுக்கு முழுப்பொறுப்பு வேண்டுமானால், நீ அப்படிப்பட்டவனாக இருப்பதற்கும் நீ பொறுப்பாக இருக்க வேண்டும். அதற்கு உன்னை நீயே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், தேர்ந்தெடுக்க ஒரு அளவுகோல் வேண்டும், அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? முடிவே கிடையாது. நான் இதைப் பலவிதமாகத் திருப்பிப் பார்த்திருக்கிறேன், ஓட்டை கிடைக்கவில்லை. மரபணு, வளர்ப்பு, கருப்பையில் கிடைத்த ஹார்மோன் என்று 2023இல் உயிரியலாளர் ராபர்ட் சபோல்ஸ்கி அடுக்கியதெல்லாம் இதே வாதத்துக்கு உயிரியல் உடை போட்டதுதான். ஆகவே அடிமுதல் நுனிவரை என்னால் ஆனது என்ற பொருளில் சுயவிருப்பம் யாருக்கும் கிடையாது என்று ஒப்புக்கொள்கிறேன். அதனால் சபோல்ஸ்கி சொல்வதுபோல எல்லாம் ஒன்றுதான் என்று ஆகிவிடாது. 17 சதவீதத்துக்கு வெறி வந்தது, மீதி 83 சதவீதத்துக்கு வரவில்லை. வந்தவர்களிலும் சிலர் வெளியே சொல்லி உதவி கேட்டிருப்பார்கள், சிலரால் அது முடிந்திருக்காது. சொன்னால் கேட்டு மாறும் திறன் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் கூடும் குறையும், தூக்கம் கெட்டாலே குறையும். இருக்கிறதா இல்லையா என்று கேட்பதை விட்டு, இவரிடம் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் மூளை அறிவியல் நமக்கு உதவிக்கு வருகிறது.

(சுயவிருப்பம் இல்லை என்று மக்களிடம் சொன்னால் திருட்டும் புரட்டும் பெருகிவிடும் என்று 2008இல் ஓர் ஆய்வு பரபரப்பாகப் பேசப்பட்டது. திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. மக்கள் தத்துவக் கட்டுரை படித்துவிட்டுக் கெட்டுப்போவார்கள் என்று நம்புவதற்குக் கட்டுரையாளர்மேல் அபார மரியாதை வேண்டும்.)

நீதிமன்றம் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாத இடம். 1843இல் டேனியல் மெக்நாட்டன் என்பவர் பிரிட்டிஷ் பிரதமரின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற வழக்குக்குப் பிறகு உருவான விதி, தான் செய்வது என்ன, அது தவறு என்று ஆளுக்குத் தெரிந்திருந்ததா என்று மட்டும் கேட்கிறது. தெரிந்தும் நிறுத்த முடியாதவனைப் பற்றி அதில் பேச்சில்லை. நம் சூதாட்டக்காரருக்கு எல்லாம் தெரியும். பிற்பாடு அமெரிக்காவில், தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் இருந்ததா என்பதையும் சேர்த்தார்கள்; அதிபர் ரீகனைச் சுட்ட ஜான் ஹின்க்லி மனநலக் காரணத்தால் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பானதும் எழுந்த கோபத்தில், 1984இல் மத்தியச் சட்டத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். தடுக்க முடியாத உந்துதலையும் தடுக்காமல் விட்ட உந்துதலையும் பிரித்துக் காட்ட எங்களிடம் கருவி இல்லை என்ற பொருளில் மனநல மருத்துவர்களே சொன்னார்கள். அது நேர்மையான பதில், இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் கருவி இல்லை என்பதால் வேறுபாடே இல்லை என்று சட்டம் நடந்துகொள்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மருந்தால் வெறி வந்தவர் பட்ட கடனை அடைக்க வேண்டியிருக்கலாம், கொடுத்தவரின் பணம் போனது போனதுதானே, ஆனால் அவரைக் கெட்டவர் என்று திட்டுவதில் என்ன இருக்கிறது?

இன்று இந்த மருந்துகளின் விவரத்தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. தொடங்கும் முன்பே நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்லிவைத்து, புதிதாக ஏதாவது தலைகாட்டுகிறதா என்று மருத்துவர் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது நடைமுறை. அப்படிச் சொல்லப்பட்ட ஒருவர், மருந்தைத் தொடங்கும் அன்றே வங்கி அட்டையை மனைவியிடம் கொடுத்து, நான் கேட்டாலும் தராதே என்று சொல்லிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில மாதம் கழித்து அந்த ஆசை வருகிறது. அட்டையைக் கேட்டுச் சண்டை போடுகிறார், அவரிடம் அருமையான காரணங்கள் இருக்கின்றன, மனைவி தருவதில்லை. அட்டையைக் கொடுத்த அன்றைய அவரா, சண்டை போடும் இன்றைய அவரா, யார் சுதந்திரமானவர் என்று கேட்டால், கொடுத்தவர்தான் என்பேன், சண்டை போடுகிறவர் இல்லை. இரண்டு பேருக்கும் பின்னால் காரணம் இருக்கிறது, ஒருவருக்கு மருத்துவர் சொன்ன வார்த்தை, இன்னொருவருக்கு மருந்து. வார்த்தையைக் கேட்டவர் அதை எடைபோட்டுப் பார்த்திருக்க முடியும், சந்தேகப்பட்டு இன்னொரு மருத்துவரிடம் போயிருக்க முடியும், எனக்கு இது வராது என்று தள்ளியும் இருக்க முடியும். மருந்தோடு அப்படி ஒரு பேச்சு வார்த்தைக்கு இடமே இல்லை, அது வேலை செய்கிறது என்பதே அவருக்குத் தெரியாது, மனைவிக்குத்தான் தெரிகிறது.